டெஸ்ட் பச்சையானால் போதுமா?

“அண்ணே, டெஸ்ட் எல்லாம் பச்சை. குவெரியும் முன்னைக்கு வேகமா ஓடுது. இன்னும் எதுக்கு ரிவ்யூவுலயே போட்டு வச்சிருக்கீங்க? மெர்ஜ் பண்ணிரலாம்ல?”

மென்பொருள் குழுக்களில் இந்தக் கேள்வி அன்றாடம் விழுகிறது. சென்னையிலும் பெங்களூருவிலும் விழுந்துகொண்டிருந்தது, வீட்டு மாடியில் லேப்டாப்பை விரித்து வேலை பார்ப்பது வழக்கமான பிறகு தேனியிலும் கம்பத்திலும்கூட விழுகிறது. கேட்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. அவர்களுக்குப் பின்னால் ஒரு முழுக் கொள்கை நிற்கிறது. கோடு ரிவ்யூ என்பது சடங்கு. தானியங்கிச் சோதனைகள் தேறிவிட்டன, வேகம் அளந்து காட்டியாயிற்று, அதற்கு மேல் ஒரு மனிதர் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பது காலவிரயம். தப்பு இருந்தால் பயனாளர் சொல்லுவார், அப்போது திருத்திக்கொள்ளலாம். இதுதான் இன்று பெரும்பான்மையோர் கருத்து. மேலாளர்கள் இதை ஊக்குவிக்கிறார்கள்; மாநாட்டு மேடைகளில் கைதட்டலும் கிடைக்கிறது.

ஒரு பட்டனின் நிறத்தை மாற்றும் கோடுக்கு இந்தக் கொள்கை பொருந்தலாம். ரசீது அச்சடிக்கும் கோடுக்கும் ஓரளவு பொருந்தலாம். தரவுத்தளத்தின் இன்டெக்ஸை ஸ்கேன் செய்யும் கோடில் கைவைக்கும்போது மட்டும் இது அடியோடு தவறு. ஏன் தவறு என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு முறையாவது நிலம் வாங்கியவருக்கு விளக்க வேண்டியதே இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் நின்ற அனுபவம் அவருக்குப் போதும்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 51ஆவது பிரிவு, பதிவு அலுவலகம் எந்தெந்தப் புத்தகங்களைப் பராமரிக்க வேண்டும் என்று சொல்கிறது. அசையாச் சொத்து பற்றிய கிரயம், அடமானம், செட்டில்மென்ட் எல்லாம் 1ஆம் புத்தகத்தில் ஏறும். அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி ஒரு நிலத்தின் கதையைக் கண்டுபிடிப்பது ஆகிற காரியமில்லை என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். அதனால் 55ஆவது பிரிவில் இன்டெக்ஸ் வைக்கச் சொன்னார்கள். முதலாம் இன்டெக்ஸில் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்கள். இரண்டாவதில் சொத்து விவரம். வில்லங்கச் சான்று என்று நாம் பணம் கட்டி வாங்குவது இந்த இன்டெக்ஸில் தேடிய தேடலின் விளைவுதான். ஏதாவது பரிவர்த்தனை இருந்தால் 15ஆம் படிவம் வரும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் 16ஆம் படிவம்.

அந்தச் சான்றில் ஓர் எச்சரிக்கை இருப்பதை நிறையப் பேர் படிப்பதில்லை. மனுதாரர் சொத்தை எப்படி விவரித்திருக்கிறாரோ அதற்கு மாறாகப் பத்திரத்தில் சொத்து விவரிக்கப்பட்டிருந்தால், அந்தப் பத்திரத்தின் பரிவர்த்தனை இந்தச் சான்றில் வராது என்பதுதான் அதன் பொருள். கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்துப் பதிவுமுறையிலிருந்து வந்த எச்சரிக்கை அது. இன்டெக்ஸ் எங்கே காலை வாரும் என்று அந்த எழுத்தர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இன்டெக்ஸ் பொய் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். விட்டது என்ன என்பதை அந்தக் காகிதத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அதனால்தான் சுருளிப்பட்டியிலோ காமயகவுண்டன்பட்டியிலோ திராட்சைத் தோட்டம் வாங்கப் போகிற பெரியவர் முப்பது வருச வில்லங்கம் போட்டுப் பார்த்ததோடு நிற்பதில்லை. மூலப்பத்திரத்தைக் கேட்கிறார். பட்டா யார் பெயரில் என்று பார்க்கிறார். பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய், “ஏப்பா, இந்த எடத்துல யாருக்கும் பாத்தியதை ஏதும் இருக்கா?” என்று விசாரிக்கிறார். இடம் வேறொரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து பிரிந்து வந்த கிராமத்தில் இருந்தால் பழைய அலுவலகத்திலும் ஒரு வில்லங்கம் போடச் சொல்கிறார். ஏலக்காய்த் தோட்டம் மலைக்கு மேலே உடும்பன்சோலைப் பக்கம் என்றால் கம்பத்து இன்டெக்ஸுக்கு அங்கே வேலையே இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். அது கேரளத்துப் பதிவு. இத்தனையையும் யாரும் சடங்கு என்று கேலி செய்வதில்லை.

தரவுத்தள இன்டெக்ஸும் செய்வது அதே வேலைதான். டேபிளில் லட்சக்கணக்கான ரோக்கள் கிடக்கும். முழுவதையும் படிக்காமல் வேண்டியதை மட்டும் எடுக்க, வரிசைப்படுத்திய ஒரு தனிக் கட்டமைப்பை வைத்துக்கொள்கிறோம். அதைப் படிக்கும் கோடில் பிழை வந்தால் புரோகிராம் உடைந்து விழாது, சிவப்பு எழுத்தில் எதுவும் வராது. வர வேண்டிய பதினோரு ரோக்களில் பத்து வரும். பார்க்கிறவர் பத்துதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

“தப்பு இருந்தால் பயனாளர் சொல்லுவார்” என்ற வாதம் இந்த இடத்தில் செத்துவிடுகிறது. இருப்பதே தெரியாத ஒன்றைக் காணவில்லை என்று யார் புகார் கொடுப்பார்? 16ஆம் படிவத்தை நம்பி நிலம் வாங்கியவர், வங்கி நோட்டீஸ் வீட்டு வாசலுக்கு வரும்வரை நிம்மதியாகத்தான் இருப்பார். நிலைமை இதைவிட மோசமாகவும் போகலாம். யுனிக் இன்டெக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரே எண் இரண்டு முறை ஏறாமல் தடுப்பது அதன் வேலை. அந்த இன்டெக்ஸில் ஒரு பதிவு விடுபட்டிருந்தால் அதே எண் இன்னொரு முறை ஏறிவிடும். ஒரே நிலம் இரண்டு பேருக்குக் கிரயமான கதை இது. அதன்பின் எது சரியான ரோ என்று மென்பொருளால் சொல்ல முடியாது, மனிதர்கள் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேச வேண்டும்.

இதெல்லாம் ஏட்டுப் பயம் என்று நினைப்பவர்களுக்காக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற திறமூலத் தரவுத்தளம் உலகெங்கும் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் ஓடுகிறது. அதன் 14ஆம் பதிப்பு 2021 செப்டம்பர் 30 அன்று வெளியானது. அதில் ஒரு வேகப்படுத்தல் சேர்ந்திருந்தது.

பெரிய டேபிளுக்குப் புதிதாக இன்டெக்ஸ் கட்டும்போது சாதாரண வழியில் போனால் முடியும்வரை அந்த டேபிளில் எழுத முடியாது. அதைத் தவிர்க்க ‘கன்கரன்ட்லி’ என்றொரு வழி இருக்கிறது. எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டே இருக்கலாம். இன்டெக்ஸ் பின்னணியில் நிதானமாக, டேபிளை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துக் கட்டப்படும். கட்டுகிறவர் படித்து முடிக்கும்வரை அவருக்குத் தேவைப்படும் பழைய ரோ நகல்களை யாரும் துடைத்துவிடக் கூடாது. அதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒரு டேபிளுக்கு இன்டெக்ஸ் மணிக்கணக்காகக் கட்டப்படும்போது, அதற்குச் சம்பந்தமே இல்லாத மற்ற டேபிள்களிலும் பழைய நகல்களை ‘வேக்குவம்’ என்ற துப்புரவு வேலையால் அகற்ற முடியாமல் குப்பை சேர்ந்தது.

14ஆம் பதிப்பில் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். இன்டெக்ஸ் கட்டுகிறவர் மற்ற டேபிள்களைத் தொடப்போவதில்லை. ஆகவே எதைத் துடைக்கலாம் என்று கணக்குப் போடும்போது வேக்குவம் அவரைப் பொருட்படுத்த வேண்டாம். சரி, அவர் கட்டிக்கொண்டிருக்கும் அந்த டேபிள்? அதில் வேக்குவமும் இந்தக் கட்டுமானமும் ஒரே நேரத்தில் ஓட லாக் அனுமதிக்காது. ஆக ஆபத்தில்லை.

அழகான வாதம். படித்தவுடன் தலையாட்டத் தோன்றும். ஓட்டை எங்கே என்றால், பழைய நகல்களைத் துடைப்பது வேக்குவம் மட்டும் இல்லை. சாதாரணமாக ஒரு பக்கத்தைப் படிக்க வருகிற குவெரியே, பக்கத்தில் இடம் நெருக்கடியாக இருந்தால், போகிற போக்கில் தேவையற்ற நகல்களை அகற்றிவிட்டுப் போகும். ‘புரூனிங்’ என்பார்கள். அதற்கு வேக்குவத்துக்கான லாக் தேவையில்லை. ஆனால் எதைத் துடைக்கலாம் என்று முடிவு செய்ய அதுவும் அதே கணக்கைத்தான் பார்க்கிறது. அந்தக் கணக்கிலிருந்து இன்டெக்ஸ் கட்டுகிறவரை நீக்கியாயிற்று. விளைவாக, அவர் இன்னும் பார்க்க வேண்டியிருந்த நகல்கள் அவர் கண்ணெதிரே காணாமல் போயின. கட்டுமானம் நடக்கும்போது அப்டேட் ஆன சில ரோக்கள் இன்டெக்ஸில் ஏறவே இல்லை.

டெஸ்ட்கள் பச்சையாகத்தான் இருந்தன. பீட்டா வெளியீடுகள் வந்துபோயின. 14.0, 14.1, 14.2, 14.3 என்று நான்கு வெளியீடுகள் இந்தப் பிழையைச் சுமந்துகொண்டு போயின. 2022 ஜூன் 16 அன்று, வழக்கமான காலாண்டு அட்டவணைக்குக் காத்திராமல், 14.4ஐ அவசரமாக வெளியிட்டு அந்த வேகப்படுத்தலையே முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். கன்கரன்ட்லி முறையில் கட்டிய இன்டெக்ஸ்களை எல்லாம் மறுபடி கட்டச் சொன்னார்கள். இதில் எனக்கு மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஓடுகிற அமைப்பை நிறுத்தக்கூடாது என்ற பொறுப்போடு வேலை செய்தவர்கள்தான் கன்கரன்ட்லியைப் பயன்படுத்தினார்கள். எழுத்தை நிறுத்திவைத்து இன்டெக்ஸ் கட்டியவர்களை இந்தப் பிழை தொடவில்லை.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு எழுந்து ஒரு கேள்வி கேட்கும், கேட்கத்தான் வேண்டும். “அந்த மாற்றத்தையும் மனிதர்கள் ரிவ்யூ செய்துதானே சேர்த்தார்கள்? உலகத்திலேயே தேர்ந்த ஆட்கள். அவர்களே கோட்டைவிட்டார்கள் என்றால் ரிவ்யூவால் என்ன பயன்?”

ரிவ்யூ தோற்றது உண்மைதான். தோற்ற விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். மாறிய வரிகளில் தவறில்லை. மாறாத வரிகள் எதை நம்பியிருந்தன என்பதில்தான் தவறு இருந்தது. புரூனிங் செய்யும் கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அது நம்பியிருந்த கணக்கு மட்டும் வேறோர் இடத்தில் அர்த்தம் மாறிவிட்டது. வலது பக்கம் பச்சை, இடது பக்கம் சிவப்பு என்று திரையில் காட்டப்படும் வித்தியாசத்தை மட்டும் படிக்கிறவர் இதைப் பிடிக்க மாட்டார். அந்தக் கணக்கை வேறு யார் யார் பார்க்கிறார்கள் என்று தேடிப் போகிறவர் பிடிப்பார். இது ரிவ்யூவைக் குறைப்பதற்கான நியாயம் ஆகாது, இன்னும் அகலமாகச் செய்வதற்கான நியாயம். டாக்டர் ஒருவர் நோயைக் கண்டுபிடிக்கத் தவறினார் என்பதற்காக யாரும் ஆஸ்பத்திரியை மூடச் சொல்வதில்லை.

பிழை தெரிந்தபின் அவர்கள் ஒட்டுப் போட்டுச் சமாளிக்காமல் வேகப்படுத்தலையே விலக்கியதும் ஒரு ரிவ்யூ முடிவுதான். மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை, சரியாக இருக்கட்டும் என்று சொல்லும் தைரியம் அதற்கு வேண்டும்.

வேகம் என்ற இரண்டாவது வாதத்துக்கு வருவோம். மாற்றத்தோடு ஒரு அட்டவணை இணைத்திருப்பார்கள்: முன்பு இத்தனை மில்லிசெகண்ட், இப்போது இத்தனை. அதைப் பார்த்தவுடன் பாதிப் பேர் ஒப்புதல் கொடுத்துவிடுகிறார்கள். சில ரோக்களைப் பார்க்காமல் விடும் ஸ்கேன் எப்போதுமே வேகமாகத்தான் ஓடும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஆகவே இன்டெக்ஸ் மாற்றத்தில் எதிர்பார்த்ததைவிட அதிக வேகம் தெரிந்தால் ரிவ்யூ செய்கிறவருக்குச் சந்தேகம் வர வேண்டும், சந்தோஷம் வரக் கூடாது.

ஸ்கிப் ஸ்கேன் என்ற வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமம், சர்வே எண் என்ற வரிசையில் ஒரு இன்டெக்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராமத்தைச் சொல்லாமல் சர்வே எண் 212 மட்டும் கொடுத்துத் தேடினால், போஸ்ட்கிரெஸால் முன்பெல்லாம் அந்த இன்டெக்ஸைச் சரிவரப் பயன்படுத்த முடியாது. 2025 செப்டம்பரில் வந்த 18ஆம் பதிப்பு ஒவ்வொரு கிராமத்துக்குள்ளும் தாவி 212 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கிராமத்துக்குத் தாவுகிறது. உத்தமபாளையம் தாலுகா அளவில் கிராமங்கள் சொற்பம்; தாவல் லாபம். முதல் கட்டத்தில் கிராமத்துக்குப் பதிலாக ஆள் பெயர் இருந்தால் லட்சக்கணக்கான தாவல்கள்; நஷ்டம். ஆக ‘வேகம்’ என்பது கோடின் குணம் மட்டும் கிடையாது, தரவையும் பொறுத்தது. மாற்றம் எழுதியவர் தனக்குச் சாதகமான தரவில்தான் அளந்திருப்பார். அதில் கபடம் ஒன்றும் இல்லை, மனித இயல்பு.

அதைவிட முக்கியம், தாவும்போது எதைத் தாண்டிப் போகிறோம் என்பது. பழைய கையெழுத்துப் பதிவுகளைத் தட்டச்சு செய்தவர் கிராமத்தின் பெயரைக் காலியாக விட்டிருக்கிறார். அந்தக் காலி மதிப்பும் ஒரு தாவலாகக் கணக்கில் வருகிறதா? ஸ்கேன் பின்னாலிருந்து முன்னால் ஓடினால் அதே ரோக்கள் வருகின்றனவா? நடுவில் ஒருவர் புதுக் கிராமத்தில் ஒரு ரோவைச் சேர்த்தால்? இந்தக் கேள்விகளுக்கு வேக அட்டவணையில் பதில் கிடையாது.

போஸ்ட்கிரெஸில் 2018இலேயே இந்தத் திசையில், வேறு நோக்கத்தோடு, ஒரு பேட்ச் முன்வைக்கப்பட்டது. பல சுற்று விவாதத்துக்குப் பிறகும் அது சேரவில்லை. வேறொரு வடிவமைப்பில் 18ஆம் பதிப்பில்தான் ஸ்கிப் ஸ்கேன் வந்தது. “ஏழு வருசமா! ஆரக்கிளில் இது எப்போதோ வந்துவிட்டதே” என்று அங்கலாய்க்கிறார்கள். ஆரக்கிளில் 9ஐ பதிப்பிலேயே இருந்தது என்பதும் மெய்யே. ஆனால் அந்த ஏழு வருடமும் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தியவர்களுக்குச் சில குவெரிகள் மெதுவாக வந்தன, விடை சரியாக வந்தது. 14.0 முதல் 14.3 வரையிலான எட்டரை மாதத்தில் குப்பை குறைந்தது, சிலருக்கு விடையும் குறைந்தது. இந்த இரண்டில் எதற்கு நான் கோபப்பட வேண்டும்?

டெஸ்ட் விஷயத்துக்கு மறுபடி வருகிறேன். அங்கேதான் நம் ஆட்களின் நம்பிக்கை கெட்டியாக இருக்கிறது. பி-ட்ரீ என்ற மர வடிவ இன்டெக்ஸ் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். போஸ்ட்கிரெஸில் ஒரு பக்கம் 8 கிலோபைட். சில நூறு பதிவுகள் அதில் அடங்கும். மேலிருந்து இறங்கி வரும் தேடல், தனக்கு வேண்டிய மதிப்பு எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று முடிவெடுக்கிறது. 212/1 என்ற சர்வே எண்ணுக்கு நான்கு பரிவர்த்தனைகள் இருக்கின்றன. முதல் பரிவர்த்தனை ஒரு பக்கத்தின் கடைசி வரியிலும் மற்ற மூன்றும் அடுத்த பக்கத்தின் தொடக்கத்திலும் விழுந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது செய்யும் ஒப்பீட்டில் ‘பெரியது அல்லது சமம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘பெரியது’ என்று மட்டும் இருந்தால் தேடல் நேராக இரண்டாவது பக்கத்தில் இறங்கும். மூன்று பதிவுகள் வரும். நான்காவது, அதாவது உண்மையில் முதலாவது, வராது. அது அடமானப் பத்திரமாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது நம் டெஸ்டைத் திறந்து பாருங்கள். பத்து ரோ போட்டிருப்போம், மிஞ்சினால் ஐம்பது. எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். பக்க எல்லை என்ற ஒன்று அந்த டெஸ்டின் உலகத்தில் இல்லவே இல்லை. அது பச்சையாக இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்? இத்தோடு, ஒருவர் பக்கத்தைப் படிக்கும் நேரத்தில் இன்னொருவர் எழுதி அந்தப் பக்கம் இரண்டாகப் பிளந்துவிடும் நிலைமையும் உண்டு. லேமன், யாவ் இருவரும் 1981இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையே அந்தப் பிரச்சினைக்காகத்தான். போஸ்ட்கிரெஸின் பி-ட்ரீ அதன்மேல்தான் நிற்கிறது. ஒற்றை ஆளாக வரிசையாக ஓடும் டெஸ்டில் அந்தப் பிளவு நேரவே நேராது. டெஸ்ட் எழுதியவருக்குத் தோன்றிய கேள்விக்குத்தான் டெஸ்ட் பதில் சொல்லும். தோன்றாத கேள்வியைக் கேட்க இன்னொரு தலை வேண்டும்.

“இதெல்லாம் தரவுத்தளத்தையே எழுதுகிறவர்களுக்கு. நாங்கள் தேனியில் கடைக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம், எங்களுக்கு எதற்கு?” என்று இன்னொரு பக்கம் ஒதுங்குகிறார்கள். ஒதுங்க முடியாது. நீங்கள் ஒரு வரிகூட மாற்றாமலே உங்கள் இன்டெக்ஸ் கெட்டுப்போகும்.

லினக்ஸில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் வைத்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் வந்த அதன் 2.28 பதிப்பில் அந்த விதிகள் பெருமளவு மாறின. அமெரிக்க ஆங்கில அமைப்பில் 11 என்பதும் 1-1 என்பதும் இருந்தால் பழைய விதிப்படி 11 முதலில் வரும். புதிய விதிப்படி 1-1 முதலில் வரும். சர்வே எண்ணின் உட்பிரிவை இப்படிக் கோடு போட்டு எழுதுகிறவர்கள் நம்மிடம் உண்டு. டெபியன் 10க்கோ ரெட் ஹேட் 8க்கோ சர்வரை ஏற்றியவர்களின் இன்டெக்ஸ் பழைய வரிசையிலேயே கிடந்தது. தேடும் கோடு புதிய வரிசையில் தேடியது. இருந்த ரோ இல்லை என்று வந்தது. யுனிக் இன்டெக்ஸ் இருந்த இடத்தில் இரட்டைப் பதிவுகள் புகுந்தன. சர்வர் அப்கிரேடு என்று ஒருவரி மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிச் செய்த வேலைதான் அது. யாரும் அதை இன்டெக்ஸ் மாற்றமாகப் பார்க்கவில்லை, ரிவ்யூவும் கேட்கவில்லை.

தமிழில் இன்னொரு குழி இருக்கிறது. போடி, கோம்பை இரண்டு ஊரின் பெயரிலும் முதல் எழுத்து ஓகாரம். யூனிகோடில் அந்த ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இன்டெக்ஸுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஒரு கீபோர்டில் அடித்த ‘போடி’யைத் தேடினால் மற்ற விதமாகச் சேமிக்கப்பட்ட ‘போடி’ வராது. போடி ஏலக்காய் வியாபாரி ஒருவரின் பாக்கிக் கணக்கைத் தேடுகிற மென்பொருளில் இது நேர்ந்தால் பாதிப் பாக்கி கண்ணுக்குத் தெரியாது. தேடல் இன்டெக்ஸை மாற்றும் கோடு உங்கள் மேசைக்கு வந்தால், இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து சேமிக்கிறோமா என்ற கேள்வியை அமெரிக்காவில் உட்கார்ந்து போஸ்ட்கிரெஸ் எழுதுகிறவர் உங்களுக்காகக் கேட்க மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இயந்திரமே ரிவ்யூ செய்துவிடும் என்ற புதிய வாதத்துக்கு அதிக இடம் தரப்போவதில்லை. அது நல்ல உதவியாள். விடுபட்ட காலி மதிப்பை, தவறிய ஒப்பீட்டைச் சுட்டிக்காட்டும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் எழுதியவரும் இயந்திரம், சரிபார்ப்பவரும் இயந்திரம், டெஸ்ட் எழுதியதும் இயந்திரம் என்று ஆனபின் ரோ காணாமல் போனால் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது? வில்லங்கச் சான்றில்கூடக் கையெழுத்துப் போட ஓர் அதிகாரி இருக்கிறார்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கப் பார்க்கவில்லை. நம் அலுவலகங்களில் ரிவ்யூ என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி குப்பை. வேரியபிள் பெயர் பிடிக்கவில்லை, இங்கே ஒரு இடைவெளி அதிகம், இதை இரண்டு ஃபங்ஷனாகப் பிரி என்று நாற்பது கருத்து எழுதிவிட்டு, பக்க எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்புதல் கொடுக்கும் மூத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த ரிவ்யூவை நாளைக்கே நிறுத்தினாலும் எனக்கு வருத்தமில்லை. போஸ்ட்கிரெஸில் பேட்ச் அனுப்புகிறவர், அதே அளவு கனமான இன்னொருவரின் பேட்சை ரிவ்யூ செய்து தரவும் எதிர்பார்க்கப்படுகிறார். தானும் எழுதுகிற, தன் கோடும் நாளை இன்னொருவர் கையில் போகப்போகிற ஆள் படிக்கும்போது இடைவெளி எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

இன்டெக்ஸ் ஸ்கேனில் கைவைக்கும் மாற்றத்தைப் படிக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த மாற்றத்துக்குப் பிறகு எந்த ரோ விடுபட வாய்ப்பிருக்கிறது என்பதைத்தான். எழுதியவர் “எதுவும் விடுபடாது” என்றால், ஏன் என்று வாதமாக எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த வாதத்தில் யார் யாரை நம்புகிறார் என்று தேடுங்கள். பிறகு ஒரு முரட்டுச் சோதனை. ஒரே குவெரியை இன்டெக்ஸ் வழியாக ஒரு முறையும், இன்டெக்ஸ் வழிகளை அணைத்துவிட்டு முழு டேபிளையும் படிக்கவைத்து ஒரு முறையும் ஓட்டி, இரண்டு விடையும் ஒன்றா என்று பாருங்கள். 1ஆம் புத்தகத்தையே புரட்டிப் பார்ப்பதற்கு இது சமம். நேரமாகும், ஆகட்டும். ஐம்பது ரோவில் செய்யாதீர்கள். ஐந்து லட்சத்தில், பக்கத்தில் இன்னொருவர் எழுதிக்கொண்டே இருக்கும்போது செய்யுங்கள்.

14ஆம் பதிப்பைப் பயன்படுத்தியவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 14.0 முதல் 14.3 வரை கன்கரன்ட்லி முறையில் கட்டிய இன்டெக்ஸ், நீங்கள் 14.4க்கு மாறியதால் மட்டும் சரியாகிவிடாது. பிஜி-அப்கிரேடு கொண்டு 15, 16, 17 என்று ஏறி வந்திருந்தாலும் பழைய இன்டெக்ஸ் கோப்பு அப்படியே கூடவே வந்திருக்கும். ஆம்செக் என்ற கருவி போஸ்ட்கிரெஸோடு இலவசமாகவே வருகிறது; டேபிளில் இருக்கும் ஒவ்வொரு ரோவும் இன்டெக்ஸில் இருக்கிறதா என்று ஒப்பிடும் வசதி அதில் உண்டு. அதை ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள், அல்லது அந்த இன்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்டிவிடுங்கள்.